கதவு திறந்திருக்கும் நேரம்

முப்பத்து நான்கு வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கிய மனிதர், தன் வீட்டுக்கு அறுபத்தெட்டுப் படி ஏறித்தான் போக வேண்டியிருந்தது. மூன்றாம் மாடி. அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவரைப் பார்த்துக்கொள்ளப் போன முதல் நாள், மூச்சு இரைக்க உள்ளே நுழைந்து, "இவ்வளவு படி ஏற விடறீங்களே, உங்க தொழிலுக்கே இது அவமானமா இல்லையா?" என்று கேட்டேன்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படி மேல தப்பு இல்ல. நீங்க வாயால மூச்சு விடறீங்க" என்றார்.

வீட்டோடு தங்கி நோயாளிகளைக் கவனிப்பது என் வேலை. அதற்கென்று பயிற்சி எடுத்தவள். முதலில் என்னை சிஸ்டர் என்றார். நான் நர்ஸ் இல்லை என்றேன். அவருக்கு அறுபத்திரண்டு, எனக்கு அறுபத்தாறு என்று தெரிந்ததும், "அப்ப அக்கா" என்று முடிவு கட்டிவிட்டார். நானும் தம்பி என்றே கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகள், அன்று சாயங்காலமே என்னை அத்தை ஆக்கிவிட்டாள். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அவருக்கு வந்தது நரம்பு நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். குணப்படுத்த மருந்து இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சட்டைப் பொத்தான் போட வராமல் வலது கை நின்றது. பிறகு கால்கள். நான் போனபோது இடது கையில் கொஞ்சம் உயிர் இருந்தது, பேச்சு இருந்தது. இனி போக வேண்டியது மூச்சை இழுக்கிற தசைகள்தான். இந்த மனிதர் இருபத்தேழு வருடமாக மூச்சை மட்டுமே நம்பி வாழ்ந்தவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதையை அவரே சொன்னார். லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் கழித்து, ஒரு நாள் மின்சாரம் போய் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. உள்ளே அவரும் ஆறு பேரும். பழைய காலத்துக் கம்பிக் கதவு, அதற்கு வெளியே வெறும் சுவர். மூன்று மணி நேரம். பயணிகள் ஆறு பேரும் சமாளித்துக்கொண்டார்கள். இவர்தான் காற்று போதவில்லை என்று கத்தி, கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கி, விரல் நகம் இரண்டைப் பெயர்த்துக்கொண்டு, கடைசியில் உட்கார்ந்து அழுதார். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "ஏம்பா, லிஃப்ட்காரனே இப்படி அழுதா நாங்க யாருகிட்டப் போய் அழறது?" என்றாளாம்.

வெளியே வந்த பிறகு கட்டடம் முழுக்க இதே பேச்சு. ஒரு வாரம் தாங்கினார். அடுத்த வாரம், ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் காலை ஐந்து மணிக்கு நடக்கும் மூச்சு யோகா வகுப்புக்குப் போனார். நடத்தியவர் ஒரு பல் டாக்டர். உடம்பை வளைப்பது, தலைகீழாக நிற்பது எதுவும் அங்கே கிடையாது. உட்கார், மூச்சை உள்ளே இழு, நிறுத்து, வெளியே விடு. எண்ணிக்கையை மெதுவாகக் கூட்டு. மூச்சு வழியாக மனதுக்கு, மனது வழியாக அதற்கு அந்தப் பக்கம். டாக்டர் சொன்ன உபதேசம் மொத்தமே அவ்வளவுதான்.

இவர் போனது பயம் போக. பயம் ஒரு வருடத்தில் போய்விட்டது. ஆனால் அதற்குள் வேறொன்று பிடித்துக்கொண்டது. லிஃப்டிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டார். ஒரு மாடி ஏறும் நேரம் உள்மூச்சு. கதவு திறந்திருக்கும் நேரம் நிறுத்தம். அடுத்த மாடி போகும்வரை வெளிமூச்சு. நாள் முழுக்க இதே. நிறுத்தத்தின்போது யாராவது ஏதாவது கேட்டால் பதில் வராது. ஒரு மேலதிகாரி ஏறி, "ஆறாவது போகுமா?" என்று கேட்டாராம். இவர் கதவை மூடி, ஐந்தாவதைக் கடந்து, மூச்சை முழுக்க விட்டுவிட்டு, "போகும்" என்றாராம். அன்றிலிருந்து பெயர் 'லிஃப்ட் சாமியார்'. மேலதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தார். கட்டடத்தில் வேறு யாரும் அந்தக் கம்பிக் கதவோடு மல்லுக்கட்ட முன்வராததால் வேலை தப்பியது.

"அந்த நிறுத்தத்துல என்னதான் இருக்கு தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வெளிச்சம் கிளிச்சம் எதுவும் இல்லக்கா. கதவு திறந்திருக்கும். யாரும் ஏறல, யாரும் இறங்கல. எந்த மாடின்னு யாரும் கேக்கல. நான்கூட கேக்கல. அவ்வளவுதான்."

"அதுக்கா இருபத்தேழு வருஷம்?"

"கடைசி மூச்சு வெளிய போகும்ல? அதுக்கப்புறம் கதவு மூடாது. அந்த நேரத்துல முழிச்சிருக்கணும். இவ்வளவு நாள் பண்ணது அதுக்கு ஒத்திகை."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். கடைசி மூச்சில் விழிப்போடு இருக்க வேண்டும். பெண்ணுக்கும் இது தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்தே போயிருந்தது.

மூச்சுக்கு உதவும் மெஷின் ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். முகத்தில் மாஸ்க்கை மாட்டிவிட்டால் அது காற்றை உள்ளே தள்ளும். அது பிரிக்காத பெட்டியோடு பீரோவின் மேல் இருந்தது. இவர் தொட விடவில்லை. "மெஷின் விடற மூச்சு என் மூச்சு இல்ல" என்பார். பெண் ஒவ்வொரு வாரமும் சண்டை போட்டாள். கடைசியில் மூவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தினமும் காலையில் அவர் ஒரே மூச்சில் வாய்விட்டு எண்ண வேண்டும். நல்ல நெஞ்சு உள்ளவர் ஐம்பதுவரை எண்ணுவார். இவர் அப்போது முப்பத்தொன்று. இருபதுக்குக் கீழே இறங்கிய அன்று பெட்டியைப் பிரிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

முப்பத்தொன்று இருபத்தாறு ஆயிற்று. இருபத்தாறு இருபத்து மூன்று. பிறகு இருபத்திரண்டிலேயே ஒன்பது நாள் நின்றது. பயிற்சியின் பலன் என்று பெண் சந்தோஷப்பட்டாள். நானும் நோட்டில் இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டே போனேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் நாளுக்கு நாள் வேகமாக எண்ணிக்கொண்டிருந்தார். இவ்வளவு வருட அனுபவத்தில் நான் செய்த மோசமான தவறு அது. மூச்சைத் திருடத் தெரிந்த ஆளிடம் மூச்சை அளக்கப் போனேன்.

அந்த ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பல் டாக்டரும் வகுப்பைச் சேர்ந்த நான்கு பேரும் வந்தார்கள். மாதம் ஒருமுறை வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்து பயிற்சி செய்துவிட்டுப் போவார்கள். நான் சமையலறையில் அவருக்குக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தேன். பெண் கீழே கடைக்குப் போயிருந்தாள். காலையில் தலை வலிக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். சரியாகத் தூங்கவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

கஞ்சியோடு வந்தால் அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஐந்து பேரும் கண் கலங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் தலை சாய்ந்து, கண் பாதி மூடி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு எப்போதோ ஒன்று வந்தது.

"பேசாதீங்கம்மா" என்று பல் டாக்டர் கிசுகிசுத்தார். "கால் மணி நேரமா இப்படித்தான். லயிச்சுட்டாரு. இருபத்தேழு வருஷ உழைப்பு."

நான் கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு அவர் கையைத் தொட்டேன். சூடாக, சிவந்து இருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு கயிறு மாதிரி இழுத்தது. "தம்பி!" என்று காதருகே கத்தினேன். கண் திறக்கவில்லை.

"இது லயமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "மூச்சை இழுக்க நெஞ்சுக்குத் தெம்பு இல்ல. கரியமில வாயு வெளிய போகாம தலைக்கு ஏறி மயங்கிட்டாரு. அந்தப் பெட்டிய இறக்குங்க."

யாரும் அசையவில்லை. அப்போது பெண் பையோடு உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைப் போட்டுவிட்டு ஸ்டூல் மேல் ஏறிப் பெட்டியை இறக்கினாள். "போடுங்க அத்தை. அப்பா திட்டினா என்னைத் திட்டட்டும்."

மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டேன். அவருடைய நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. பல் டாக்டர் சுவரோரமாகப் போய் நின்றார். "நாடி பிடிச்சுப் பார்த்திருக்கணும். நானும் டாக்டர்தானே" என்றார்.

"பல்லுக்கு" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண் திறந்தார். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி இடது கையால் காட்டினார். கழற்றினேன்.

"யாரு போட்டது?"

"நான்தாம்ப்பா போடச் சொன்னேன்" என்றாள் பெண்.

"எங்க இருந்தேன் தெரியுமா? எத்தனை வருஷமா தேடின இடம். ஒரு கனமும் இல்ல. எல்லாம் கரைஞ்சு போச்சு. அங்கேருந்து பிடிச்சு இழுத்துட்டீங்களே!" குரல் கம்மியிருந்தாலும் கோபம் முழுசாக இருந்தது.

நோயாளியிடம் பொய் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. "அது கரியமில வாயு தம்பி. உங்க வகுப்புக்கே போகாத ஆளுக்கும் இதே மாதிரித்தான் இருக்கும். போன வருஷம் ஒரு லாரி டிரைவரைப் பார்த்துக்கிட்டேன். அவரும் இப்படித்தான் சிரிச்சாரு."

அவர் முகம் போன போக்கை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அடி வாங்கிய முகம் அல்ல. யாரோ கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போக, வெறுங்கையைப் பார்க்கிற முகம்.

பிறகு, "அப்ப மாஸ்க் போடலேன்னா முடிவு எப்படி வரும்?" என்றார்.

"இன்னிக்கு வந்த மாதிரியே. தூக்கம் தூக்கமா வரும். ஒரு நாள் எழுந்திருக்க மாட்டீங்க. கஷ்டம் இருக்காது. மூச்சு உங்களோடதா இருக்கும். ஆனா அங்க நீங்க இருக்க மாட்டீங்க."

"போட்டா?"

"தலை தெளிவா இருக்கும். கொஞ்ச மாசம் கூடுதலா கிடைக்கும். அப்புறம் தசை சுத்தமா நின்னு போகும், இல்ல சளி கட்டும். அப்ப மெஷினும் போதாது. அதை முழிச்சுக்கிட்டே பார்க்கலாம்."

"எப்படி இருக்கும்?"

"கஷ்டமா இருக்கும்."

"எவ்வளவு?"

"லிஃப்ட் நின்னுச்சே, அது மாதிரி. மருந்து இருக்கு. குடுத்தா திணறல் அடங்கும், தூக்கமும் வரும்."

பிறகு வேகமாக எண்ணி ஏமாற்றியதை அவராகவே ஒத்துக்கொண்டார். எண்ணுவது இருபதுக்குக் கீழே போய் ஒரு வாரமாகியிருந்தது. "மாட்டுங்க" என்றார்.

அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தார். முதல் பத்து நாள் மெஷினோடு சண்டை. அது தள்ளும்போது இவர் நிறுத்துவார், அது நிறுத்தும்போது இவர் இழுப்பார். மெஷின் கூவிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலை மாஸ்க்கைக் கழற்றி முகம் துடைக்கும்போது சொன்னார்: "புரிஞ்சு போச்சுக்கா. இவ்வளவு நாள் நான் ஓட்டினேன். இப்ப நான் ஏறி நிக்கறவன். ஓட்டறது வேற ஆளு. நிக்கறவனுக்கு என்ன வேலை? சும்மா நிக்கணும்."

"நிறுத்தம் இருக்கா இதுல?"

"இருக்கு. ரொம்பச் சின்னது. கதவு திறந்து உடனே மூடிடறான், அவசரக்காரன்."

பேச்சு போவதற்கு முன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருமுறை கண் சிமிட்டினால் ஆமாம், இருமுறை சிமிட்டினால் வேண்டாம். இடது ஆள்காட்டி விரல் மட்டும் அரை அங்குலம் தூக்க வந்தது. மூச்சு உள்ளே வரும்போது விரலைத் தூக்குவார், வெளியே போகும்போது இறக்குவார். விழிப்போடு கவனிக்கிறார் என்பதற்கு அது அடையாளம். பெண் வேலைக்குக் கிளம்பும்போது அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டாள். விரலைத்தான் பார்த்துவிட்டுப் போவாள். பல் டாக்டர் ஒருமுறை தனியாக வந்தார். பயிற்சி எதுவும் செய்யவில்லை. அவருடைய பல்லைத் துலக்கிவிட்டு, நாக்கை வழித்துவிட்டுப் போனார். நன்றாகவே செய்தார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனை வேண்டாம், தொண்டையில் துளை வேண்டாம் என்று அவர் முன்பே எழுதச் சொல்லி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை மருத்துவமனை டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். இன்றோ நாளையோ என்றார். திணறலுக்கான மருந்தை வாயில் விடத் தோதாக ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

பதினொன்றரை மணிக்குத் திணறல் தொடங்கியது. அமைதியாக இருந்தார் என்று நான் எழுத மாட்டேன். கண்கள் பிதுங்கின. நெற்றியைத் துடைக்கத் துடைக்க வியர்த்தது. தொண்டையில் சளி கொதிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. மெஷின் தள்ளுவதில் பாதிதான் உள்ளே போனது. பயந்தாரா என்றால், பயந்தார். கண்ணில் தெரிந்தது. ஆனால் விரல் ஏறியது, இறங்கியது, ஏறியது.

"மருந்து?" என்று கேட்டேன். இருமுறை சிமிட்டினார்.

அரை மணிக்கு ஒருமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். சளியை உறிஞ்சி எடுத்தேன், தலையணையை மாற்றினேன், உதட்டை நனைத்தேன். அதற்கு மேல் செய்ய எனக்கு எதுவும் இல்லை. திணறுகிறவரைத் திணற விடாதே என்பதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

இரண்டு மணி இருக்கும், பெண்ணால் தாங்க முடியவில்லை. "குடுங்க அத்தை."

"வேண்டாம்னு சொல்றாரும்மா."

"அவர் சொல்லுவாரு! எல்லாத்தையும் சொல்லுவாரு! நீங்க மனுஷியா, கட்டையா?" சிரிஞ்சை அவளே எடுத்துவிட்டாள். அவள் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"கேட்டுட்டுக் குடு" என்றேன்.

அவர் முகத்தருகே குனிந்தாள். "அப்பா, போதும்பா. எனக்காகப்பா. ஒரே ஒரு தடவை எனக்காக ஏதாவது பண்ணுப்பா."

அவர் அவளையே பார்த்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. இருமுறை சிமிட்டினார்.

அவள் சிரிஞ்சை மேசை மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சத்தம் காதில் விழாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு அதையும் மூடிவிட்டு வந்து, அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். விரலைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று இருபதுக்கு விரல் ஏறியது. மெஷின் நிறுத்தியது. வெளிமூச்சு போனது. அதோடு சேர்ந்து, சரியாக அதன் வேகத்தில், விரல் இறங்கியது. அடுத்த மூச்சை மெஷின் தள்ளியது. விரல் எழவில்லை. இன்னும் ஆறு முறை மெஷின் அவர் நெஞ்சைத் தூக்கி இறக்கியது. நாடி இல்லை என்று உறுதி செய்துகொண்டு அணைத்தேன்.

சாயங்காலம் ஸ்ட்ரெச்சர் வந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் கட்டி, நான்கு பேர் தூக்கினார்கள். உட்கார்ந்தபடியே இறங்கினார். நானும் பெண்ணும் பின்னால் போனோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஆட்கள் பிடி மாற்ற நின்றார்கள்.

"முழிச்சிருந்தாரா அத்தை?"

"இருந்தாரு."

"அவர் தேடினது கிடைச்சிருக்குமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. விரல் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

ஆட்கள் மறுபடி தூக்கினார்கள். அவள் நகரவில்லை.

"நாலு மணி நேரம்" என்றாள். "குடுத்திருக்கலாம் அத்தை."

"குடுத்திருக்கலாம்" என்றேன்.

அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய மெஷினை நான் மறுநாள் எடுத்துப் போனேன். மாஸ்க்கைக் கழுவிக் காய வைத்துத்தான் கொடுத்தேன்.